வெளியே தாழ்ப்பாள் வைத்த கோட்டை

மலைமேல் ஒரு கோட்டை இருந்தது. அதற்கு வரலாறுதான் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தொன்மைத் துறைக்கு இருந்த தலைவலி இது ஒன்றுதான். இடிந்த சுவர் இருந்தது, இரும்புக் கதவு இருந்தது, அவற்றைப் பாதுகாக்க முப்பத்தேழு ஊழியர்கள் இருந்தார்கள். கோப்பில் 'தோற்றம்' என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதன் மேல் பென்சிலால் 'விரைவில்' என்று யாரோ எழுதி வைத்திருந்தார். எழுதியவர் ஓய்வு பெற்று, ஓய்வூதியமும் வாங்கித் தீர்த்து, செத்தும் போய்விட்டார்.

ஊரில் யாரும் அதைக் கோட்டை என்று சொல்வதில்லை. 'மேலே' என்பார்கள், அதுவும் பல்லிடுக்கில். குழந்தைகள் அந்தப் பக்கம் விரலை நீட்டினால் அம்மாக்கள் கையைத் தட்டிவிடுவார்கள். காரணம் இருந்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேலேயிருந்து இருமல் சத்தம் கேட்கும். ஒரு ஆள் இருமல் இல்லை. ஒரு கூடம் நிறையப் பேர் படுத்துக்கொண்டு இருமினால் எப்படியோ அப்படி. ஐந்து நிமிடம் கேட்கும், பிறகு நின்றுவிடும். அந்த ஐந்து நிமிடமும் கடைத்தெருவில் பேரம் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார், முடிதிருத்துகிறவர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து அந்தரத்தில் பிடித்துக்கொள்வார். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செவிடாவது என்பது லேசான காரியமில்லை. அறுபது வருடப் பழக்கம் வேண்டும்.

துறைக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அது சத்தத்தை ஆராய்ந்தது. ஆராய்ந்து, மலையடிவாரத்தில் பலகை வைத்தது: 'நம் முன்னோரின் ஒலியியல் அறிவு. சுவரின் துளைகளில் காற்று புகுந்து இருமல் போன்ற ஒலி எழுப்புமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. பகைவரை அச்சுறுத்தும் பொருட்டு. காலம்: பின்னர் அறிவிக்கப்படும்.' வெளியூர்க்காரர்கள் நாலு மணிக்கு வந்து, கேட்டு, கைதட்டிவிட்டுப் போனார்கள்.

இதில் தெரியாத்தனமாகப் போய் மாட்டிக்கொண்டவர் பூட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு கடைகளுக்கு நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு பொந்து. அதுதான் அவர் கடை. வயது அறுபத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் திரும்பி வந்த தங்கையோடு அப்பா கட்டிய வீட்டில் இருந்தார். எந்தப் பூட்டானாலும் திறப்பார், எந்தச் சாவியானாலும் செய்வார், தாழ்ப்பாள் மட்டும் செய்யமாட்டார். கேட்டால், "எங்கப்பா செய்யறதில்ல, அதனால நானும் செய்யறதில்ல" என்பார். அப்பா ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அரத்தை எடுத்துச் சாவியை ராவ ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் துறையின் ஜீப் கடை முன்னால் வந்து நின்றது. மேலே கதவு துருப்பிடித்து இறுகிவிட்டதாம், வந்து திறக்க வேண்டுமாம். இருபத்திரண்டு வருடமாக உள்ளே யாரும் போகவில்லையா என்று அவர் கேட்டதற்கு ஓட்டுநர் சலிப்போடு விளக்கினார்.

"உள்ள போகத் துறையோட அனுமதி வேணும். நாங்க எங்ககிட்டயே விண்ணப்பம் போட்டிருந்தோம். போன வாரந்தான் அனுமதி வந்துச்சு."

மேலே புது இயக்குநர் காத்திருந்தார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமி, யாராவது குறிப்பெடுக்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிற மனிதர். பூட்டுக்காரர் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். எண்ணெய் விட்டார், சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சார், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்குங்க."

கோட்டை என்பது உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனுக்குப் பயந்து கட்டுவது. தாழ்ப்பாள் உள்ளேதான் இருக்க வேண்டும். இது சாவிக்கொத்தைத் தூக்கித் திரிகிற யாருக்கும் தெரியும். இயக்குநருக்கு இதைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

"கவனிச்சிட்டீங்களே. அது மன்னனோட பெருந்தன்மை. மக்கள் மேல அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. என்னை நீங்களே பூட்டிக்கங்கன்னு தன்னையே ஒப்படைச்சிருக்கான். உலகத்துல வேற எந்தக் கோட்டையிலயும் இது கெடையாது."

"எந்த மன்னன் சார்?"

"அது பரிசீலனையில இருக்கு."

சுவரின் உச்சியில் பதித்திருந்த இரும்பு முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. பூட்டுக்காரர் அதையும் காட்டினார். வீரர்கள் ஆவேசத்தில் வெளியே குதித்து அநியாயமாகச் செத்துவிடக் கூடாது என்று மன்னன் செய்த படைநல ஏற்பாடு அது என்றார் இயக்குநர். கதவுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில், ஒரு வாளி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அது அம்பு எய்யும் துளையாம்.

"முழங்கால் உயரத்துலயா சார்?"

"குள்ளமான வில்லாளிங்களுக்குன்னு தனிப்படை இருந்திருக்கு. அதுக்கு ஆதாரமே இந்தத் துளைதான்."

கேட்கிறவன் கேணையனாக இருந்தால் எருமைகூட ஏரோப்ளேன் ஓட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். பூட்டுக்காரர் மேற்கொண்டு பேசாமல் தாழ்ப்பாளின் அடியில் விரலை விட்டுத் துருவைத் துடைத்தார். விரல் நின்றுவிட்டது. அரத்தால் இழுத்த மூன்று கோடுகள் அங்கே இருந்தன. நடுக்கோடு மட்டும் ஒரு நெல் அளவு நீளம். அது அவர் அப்பாவின் அடையாளம். அப்பா தன் கையால் செய்த எல்லாவற்றிலும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அந்த மூன்று கோடும் இருக்கும்.

அறுபது வருடத்துக்கு முன், ஊரில் காய்ச்சல் பரவிய வருடத்தில் பூட்டுக்காரருக்கு எட்டு வயது, தங்கைக்கு மூன்று, அக்காவுக்குப் பத்தொன்பது. கிடங்கு ஒன்றுக்குக் கனமான தாழ்ப்பாள் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள். அப்பா பெருமையாகச் செய்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, முகத்தில் துணி கட்டியவர்கள் வண்டியோடு வந்தார்கள். அக்கா இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள். அம்மா வண்டிச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா, நாலு நாள்ல வந்துருவேன்" என்று அக்காதான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். வண்டிக்குப் பின்னால் மலைமேல் ஓடிய அப்பா, கதவை எதைக் கொண்டு மூடினார்கள் என்று பார்த்தார். தினம் நாலு மணிக்கு ஓட்டை வழியாகச் சாப்பாட்டு வாளி உள்ளே போனது. ஒருநாள் வாளி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கதவை யாரும் திறக்கவும் இல்லை. அப்பா அதற்குப் பிறகு பட்டறையில் உட்கார்ந்தாலும் தாழ்ப்பாள் மட்டும் செய்யவில்லை.

"சார், இது எங்கப்பா செஞ்சது" என்றார் பூட்டுக்காரர்.

"உங்கப்பாவுக்கு வயசு என்ன?"

"இருந்தா நூத்தி மூணு."

"அப்ப உங்கப்பா எங்க துறைக்குள்ள வந்துடறாரு. கோட்டை வராதே" என்று இயக்குநர் சிரித்தார்.

விஷயம் என்னவென்றால், சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறைந்த எதுவும் தொன்மை இல்லை. அறுபது வருடத்துச் சுவரென்றால் துறைக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் முப்பத்தேழு பேருக்கு நாற்காலி இல்லை. அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். மனதார நம்பினார்கள். முப்பத்தேழு பேர் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்து நம்பினால் எதுவும் பழசாகிவிடும்.

கதவு திறந்தது. உள்ளே பெரிய அறையின் தரையைத் தோண்டினார்கள். நாற்பத்தொரு பேருடைய எலும்புகள் கிடைத்தன. கோட்டையைக் காத்து மடிந்த நாற்பத்தொரு வீரர்கள் என்று செய்தித்தாளில் வந்தது. அவர்களில் ஒருவர் வலக்கையில் இரும்புக் காப்பு இருந்ததால் அவர் படைத்தலைவர் ஆனார். படமும் போட்டிருந்தார்கள்.

பூட்டுக்காரர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள். பன்னிரண்டு வயதில் அக்கா வளையலாகத் தொலைத்துக்கொண்டே இருந்ததால், இனிமேல் கழன்று விழாதபடி அப்பா செய்து மாட்டிய காப்பு அது. இரண்டு அரைவட்டம், நடுவில் ஒரு திருகு.

"கூட்டிட்டு வந்துருண்ணா. அம்மா பக்கத்துல வச்சிரலாம்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூட்டுக்காரர் துறை அலுவலகத்தில் நின்றார். தபால் பிரிவில் உட்கார்ந்திருந்த அம்மாள் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பொருள் என்னன்னு எழுதட்டும்?"

"எங்கக்காவைக் குடுங்கன்னு எழுதுங்கம்மா."

"அப்படி ஒரு தலைப்பு இல்லையே. கோரிக்கை, பாராட்டு, ஆட்சேபணை, மூணுதான் இருக்கு. கோரிக்கைன்னா மூணு வருஷம் ஆகும். ஆட்சேபணைன்னா முப்பது நாள்ல பதில் குடுத்தாகணும்."

ஆட்சேபணை என்றே பதிவானது. முப்பதாம் நாள் பதிலும் வந்தது. அதுவரை கோட்டைக்கு முந்நூறு வயது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபணை வந்தால் துறை தன் நிலையை வலுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே வயது ஐந்நூறாக உயர்த்தப்பட்டிருந்தது. அவர் இரண்டாவது மனு கொடுத்தார். எழுநூறு ஆனது. மூன்றாவது கொடுத்திருந்தால் மனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே கோட்டை எழும்பியிருக்கும். தபால் அம்மாள்தான் பாவம் பார்த்துத் தடுத்தார்.

இரண்டாவது பதிலில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. 'நேரில் கண்ட சாட்சி உயிரோடிருப்பது சம்பவத்தின் தொன்மைக்கு முரணாக உள்ளதால் தங்கள் சாட்சியம் ஏற்கப்படவில்லை. முரண் நீங்கியபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

"முரண் நீங்கறதுன்னா என்னம்மா?"

"நீங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்னு அர்த்தம். ஆனா விண்ணப்பத்துல உங்க கையெழுத்துதான் இருக்கணும்" என்றார் தபால் அம்மாள், முத்திரையைக் குத்திக்கொண்டே.

சுகாதார அலுவலகத்தில் அந்த வருடத்துப் பதிவேடு இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் அதன் முதுகுகூடத் தெரிந்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க நூறு வருடம் யாருக்கும் காட்டக் கூடாதாம். "இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு வாங்க. காலையில வந்தா கூட்டம் இருக்காது" என்று அங்கிருந்தவர் அன்பாகச் சொல்லி அனுப்பினார். அலமாரிப் பூட்டைப் பூட்டுக்காரர் ஒரு ஊக்கை வைத்துத் திறந்திருப்பார். ஆனால் அவர் ஜென்மத்தில் யார் பூட்டையும் கேட்காமல் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் துறை பொது விசாரணை வைத்தது. நகர மண்டபத்தில் மூன்று நிபுணர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கல்வெட்டு நிபுணர். கோட்டையில் கல்வெட்டே இல்லாததால் அவருடைய கருத்தை மறுக்க யாராலும் முடியவில்லை. இன்னொருவர் பானை ஓடு நிபுணர். மூன்றாமவர் தூங்கினார். ஊரே திரண்டு வந்திருந்தது. முடிதிருத்துகிறவர் முன்வரிசையில் இருந்தார். அவருடைய அப்பா அதே வண்டியில் போனவர். மாவு மில்காரர் மனைவியின் சித்தி போனாள். பின்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது போயிருந்தார்கள். வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அடையாளம் காட்டியவர்களின் பிள்ளைகளும் அந்தப் பாதிக்குள்ளேயே இருந்தார்கள்; அதனால்தான் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இயக்குநர் எழுந்தார். "பெருமக்களே! ஒரு நாடு எதனால் பெருமை பெறுகிறது? கோட்டையால். கோட்டை எதனால் பெருமை பெறுகிறது? காலத்தால். காலம் எதனால் பெருமை பெறுகிறது? துறையால். உண்மையைக் கண்டுபிடிப்பது எளிது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதைப் பராமரிப்பதற்குத்தான் அலுவலகம் வேண்டும்!" கைதட்டல் அடங்கியதும் அவர் கேட்டார். "அறுபது வருஷத்துக்கு முன்னால மேலே ஏதோ நடந்ததா இவர் சொல்றாரு. இங்க இருக்கறவங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

அப்போது மணி நாலு அடித்தது. மேலேயிருந்து இருமல் தொடங்கியது. மண்டபத்தின் சன்னல்கள் திறந்திருந்தன. பக்கத்து அறையில் இருமுவது போலக் கேட்டது. கிழவர் இருமல், பெண்கள் இருமல், நடுவில் இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக ஒன்று. பூட்டுக்காரருக்கு அது யார் என்று தெரியும். மண்டபத்தில் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை. குறிப்பெடுக்கிற பையன் மட்டும் எழுதினான்: 'காற்று. ஐந்து நிமிடம்.'

"ஆக, யாருக்கும் தெரியாது" என்றார் இயக்குநர்.

பூட்டுக்காரர் மேடையருகே போனார். "அந்தக் காப்பு எங்கப்பா செஞ்சதுங்க. நான் நிரூபிக்கறேன். குடுங்க."

காப்பை ஆறு மாதமாக யாராலும் பிரிக்க முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எலும்பிலிருந்து வழுக்கி வந்துவிட்டது. ஆனால் திருகு அசையவில்லை. இடுக்கி வைத்துத் திருகி ஒரு இடுக்கி உடைந்ததுதான் மிச்சம். பூட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருகின் தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு, எல்லாரும் இடப்பக்கம் திருகிய திருகை வலப்பக்கம் திருகினார். அக்கா விளையாட்டாகக் கழற்றிவிடக் கூடாது என்று அப்பா திருகின் மரையை எதிர்ப்பக்கமாக வெட்டியிருந்தார். நாலே சுற்றில் காப்பு இரண்டாகப் பிரிந்து கையில் கிடந்தது. உள்பக்கம் மூன்று கோடுகள்.

தூங்கிய நிபுணர்கூட விழித்துக்கொண்டார். மூவரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். இனிமேல் எப்படி இல்லையென்று சொல்வார்கள் என்று பூட்டுக்காரர் நினைத்தார். பானை ஓடு நிபுணர் கண் கலங்க எழுந்து தீர்ப்பைப் படித்தார்.

"எழுநூறு ஆண்டுகளாக ஒரு குடும்பம் இந்த ரகசியத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்திருக்கிறது. இவர் படைத்தலைவரின் நேரடி வாரிசு என்று இக்குழு ஒருமனதாகக் கண்டறிகிறது!"

மாலை போட்டார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறோம். இங்கே பூதம் மாலையும் கையுமாக வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. பூட்டுக்காரர் காப்பின் இரண்டு துண்டையும் திரும்பப் பொருத்தி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். தபால் அம்மாள் படியருகே நின்றிருந்தார்.

"வருத்தப்படாதீங்க. விதி பதினாலு இருக்கு. படைத்தலைவர் தகுதியும் அதுக்கு மேலயும் உள்ளவங்க எச்சத்தை வாரிசு கேட்டா குடுக்கலாம். சாதா வீரருக்குக் கெடையாது. ஒரு கையெழுத்துதான்."

எதில் கையெழுத்து என்பதையும் அவர் காட்டினார். 'மேற்படி எச்சம் ஆண் என்றும், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் போரில் இறந்தவர் என்றும், இதற்கு மாறாக இதுவரை சொன்னவை அனைத்தும் தவறு என்றும் உறுதி கூறுகிறேன்.'

வீட்டில் தங்கை படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா அக்கா பொம்பளையே இல்லன்னு ஆயிரும்" என்றார் பூட்டுக்காரர். "நடந்தது நடக்கவே இல்லன்னு ஆயிரும். அப்பா தாழ்ப்பாள் செஞ்சுட்டுச் சாகற வரைக்கும் வெந்தாரே, அதுவும் பொய்யாயிரும்."

"நீ உண்மைய சொன்னப்ப யாரு கேட்டா? ஊரு முழுக்க உக்காந்திருந்துச்சே, ஒருத்தர் வாய் தொறந்தாங்களா?" தங்கையின் குரல் உயரவில்லை. "அம்மா கண்ண மூடற வரைக்கும் நாலு மணிக்கு வாசல்ல நின்னாங்க. அப்புறம் நான் நிக்கறேன். இருமறப்ப தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லாம கெடக்குதேன்னு நெனைக்காத நாள் இல்ல. பொய் சொல்லியாவது கூட்டிட்டு வாண்ணா. எனக்கு ஊரு வரலாறு வேணாம், அக்கா வேணும்."

அவர் இரவெல்லாம் யோசிக்கவில்லை. அங்கேயே சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டபின் கையைப் போய்க் கழுவினார்.

மறுநாள் எச்சக் காப்பறைக்குப் போனார். அங்கே இருபது வருடமாக வேலை செய்பவரை எல்லாரும் அலமாரி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சுவர் நெடுக நாற்பத்தொரு அட்டைப் பெட்டிகள், எண் ஒட்டி. பதினேழாம் எண் பெட்டியை அலமாரி இறக்கி வைத்தார். பக்கத்தில் பதினெட்டு இருந்தது. மற்றவற்றில் பாதிகூட இல்லாத சின்னப் பெட்டி.

"அது என்ன அவ்வளவு சின்னது?"

அலமாரி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க கெடந்துச்சு. படைத்தலைவர் கை இதைச் சுத்தி அணைச்சாப்ல இருந்துச்சு. படிவத்துல ஒரு வரிக்கு ஒரு ஆள்தான் எழுத முடியும், அதான் பிரிச்சோம். பிரிக்கறதுக்கு அரை நாள் ஆச்சு." மூடியை லேசாகத் திறந்தார். "பாருங்க, பால் பல்லு. மூணு, நாலு வயசு இருக்கும். வீரர்னுதான் எழுதியிருக்கேன். வேற கட்டம் இல்ல."

பூட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தனியாகப் போனாள் என்றுதான் அறுபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தே அப்பா போனார், அம்மா போனாள். அவள் தனியாக இல்லை. யாரோ பெற்றுப்போட்டுவிட்டுச் செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாளி வராத நாட்களில் அதற்கு என்ன சொல்லிச் சமாளித்தாளோ. சந்தோஷமா துக்கமா என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதை இங்கே விட்டுவிட்டு அவளை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார். பூட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"சார், இந்தக் கொழந்தையையும் குடுத்துருங்க."

"கொழந்தையா?" இயக்குநர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது. "படைத்தலைவன் கையில கொழந்தை. உயிரே போனாலும் விடாம. யாரை அப்படிக் காப்பாத்துவான் ஒரு படைத்தலைவன்? மன்னனை! ஐயோ, இருபத்திரண்டு வருஷமா தேடினோமே, இங்க தட்டுல இருந்திருக்கான் இளமன்னன்!" அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அட்டைப் பெட்டியைக் கும்பிட்டார். அலமாரியும் பயந்துபோய்க் கும்பிட்டார். "தலைநகருக்குச் சொல்லணும். மன்னன்னா தலைநகர் அருங்காட்சியகத்துலதான் இருக்கணும். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, நாலு காவலர். படைத்தலைவரும் மெய்க்காவலரா கூடவே போவாரு."

அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். கிட்டே வந்த அக்கா கண் முன்னால் தலைநகருக்குப் போகப் பார்த்தாள். பூட்டுக்காரருக்குச் சட்டம் தெரியாது, வரலாறு தெரியாது; பூட்டுதான் தெரியும். எந்தப் பூட்டிலும் அமுக்கினால் இறங்குகிற ஒரு முள் இருக்கும். இந்த மனிதருக்கு அது எங்கே இருக்கிறது என்று அவர் அவசரமாகத் தேடினார்.

"சார், ராஜா தலைநகருக்குப் போனா கோப்பு?"

"கோப்பும் கூடப் போகும்."

"கோட்டை?"

"மன்னன் கோட்டைன்னா தலைநகரோட நேரடிப் பொறுப்புல..." இயக்குநர் நிறுத்தினார்.

"அப்ப இங்க இருக்கற முப்பத்தேழு பேரும், நீங்களும் எங்க சார் போவீங்க?"

தொலைபேசியில் யாரோ 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கொழந்தைதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

"சொல்ல முடியாதுங்க."

"ஆனா பெட்டிய சும்மா தூக்கிக் குடுத்துட முடியாது. கொழந்தை இல்லன்னா பின்ன என்ன அது? ஏதாவது ஒரு கட்டத்துல வரணுமே."

பூட்டுக்காரர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், படைத்தலைவரின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'உடைமைகள்.' அதன்மேல் விரலை வைத்தார்.

"கேடயம் மாதிரியா?" என்று கேட்டார் இயக்குநர், நம்பிக்கையோடு.

"ஆமாங்க. கையில புடிச்சிருந்தாரு."

"எண்ணிக்கை?"

"ஒண்ணு."

இயக்குநர் முத்திரை குத்தினார். காப்பையும் உடைமையில் சேர்க்கலாமா என்று பூட்டுக்காரர் கேட்டார். அது ஏற்கெனவே துறையின் சின்னமாக அச்சாகிவிட்டதாம், கொடுக்க முடியாதாம். அவரும் விட்டுவிட்டார். அலமாரி இரண்டு பெட்டியையும் ஒரே துணியில் கட்டிக் கொடுத்தார். கட்டும்போது சின்னதைப் பெரியதோடு ஒட்டினாற்போல வைத்தார்.

கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். முடிதிருத்துகிறவர் மட்டும் கத்தரிக்கோலும் கையுமாகப் பத்தடி கூடவே நடந்து வந்தார்.

"மேலருந்து எடுத்ததுல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"முப்பத்தொம்பது."

"எங்கப்பா வெறுங்கையோட போனாரு. காப்பு கீப்பு ஒண்ணும் கெடையாது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவருக்கு என்ன பதவி வாங்கலாம்?"

மண்டபத்தில் வாயைத் திறக்காத ஆள் மேல் பூட்டுக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நாளைக்குக் கடைக்கு வா, யோசிப்போம்" என்றார்.

தங்கை வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தில் சுத்தமான விரிப்பை விரித்துக் காத்திருந்தாள். அவர் மூட்டையை இறக்கிப் பிரித்தார். பெரிய பெட்டியின் மேல் அவள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பிறகுதான் மற்றதைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானே வரணும். இது யாரு?"

"தெரியல. யாரு பெத்த புள்ளையோ. அக்கா கைக்குள்ள இருந்துச்சாம். பிரிக்க அரை நாள் ஆச்சாம்."

"பொண்ணா, பையனா?"

"தெரியலம்மா. உடைமைன்னு எழுதிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். வேற வழி இல்ல."

தங்கை சின்னப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியை ஒருதரம் திறந்து பார்த்து மூடினாள். முந்தானையால் மேலிருந்த எண்ணை அழுத்தித் துடைத்தாள். அது போகவில்லை, அவளும் விடவில்லை.

"அவங்க என்ன வேணா எழுதிக்கட்டும்" என்றாள். "அக்கா வளத்த புள்ளைன்னா நீ மாமா, நான் சித்தி. நாளைக்கு அம்மா பக்கத்துல ரெண்டு பேரையும் சேத்து வை."

அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு பிள்ளைக்கு மாமாவான பூட்டுக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.